கிளட்ச் மாற்றியும் நிற்காத தடதடப்பு

கேள்வி: என்னிடம் இருப்பது பழைய ரியர் வீல் டிரைவ் செடான். பின்னால் ஒரே ஆக்சில், இரண்டு பக்கமும் லீஃப் ஸ்பிரிங். ஸ்பிரிங் ஆக்சிலுக்குக் கீழே இருக்கிறது. போன வருடம் அகலமான புது டயர் போட்டேன். வண்டி கொஞ்சம் தாழ்வாக நிற்கட்டும் என்று ஆக்சிலுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே 2 அங்குல பிளாக்கும் வைத்தேன். அதன்பிறகு மேட்டில் வேகமாகக் கிளம்பினாலும், முதல் கியரில் நன்றாக மிதித்தாலும் பின்பக்கம் தடதடவென்று அடிக்கிறது. சீட்டெல்லாம் அதிர்கிறது. ஆக்சிலரேட்டரை விட்டால் உடனே நின்றுவிடுகிறது. ஒரு மெக்கானிக் கிளட்ச் பிளேட் மாற்றினார், எந்த வித்தியாசமும் இல்லை. இன்னொருவர் பின் ஷாக் அப்சார்பர் இரண்டையும் மாற்றினார். கொஞ்சம் குறைந்தது, ஆனால் போகவில்லை. டிராக்‌ஷன் பார் (ஆக்சில் முறுக்கிக்கொள்ளாமல் பிடிக்கும் கம்பி) வெல்டிங் வைத்தால் சரியாகிவிடும் என்கிறார் நண்பர். வைக்கலாமா? பிளாக்கைக் கழற்ற வேண்டுமா? இப்படியே ஓட்டினால் ஏதாவது உடையுமா? அடுத்து இன்டிபென்டென்ட் சஸ்பென்ஷன் (ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாக அசையும் அமைப்பு) உள்ள காருக்கு மாறினால் இந்தத் தொல்லை இருக்காதுதானே?

பதில்: டிராக்‌ஷன் பாரைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். உங்கள் வண்டிக்கு அது கடைசியில் தேவைப்படலாம், ஆனால் இப்போதே வைத்தால் தளர்ந்துபோன ஏதோ ஒன்றை அதற்குள் மறைத்து வைத்ததாகத்தான் ஆகும். நீங்கள் எழுதியிருக்கும் அடையாளங்கள் எல்லாம் ஆக்சில் டிராம்ப், அதாவது அழுத்தி மிதிக்கும்போது பின் ஆக்சில் குதித்துக் குதித்து அடிப்பது, அந்தப் பக்கம்தான் கைகாட்டுகின்றன. டிராம்ப் என்பது ஒரு பாகம் கெட்டுப்போனதால் வரும் கோளாறு என்று நினைத்துப் பாகம் பாகமாக மாற்றிக்கொண்டே போனால் காசுதான் கரையும். ஆக்சிலைப் பிடித்துக்கொண்டிருக்கும் சங்கிலியில் எந்தக் கண்ணி முதலில் வளைந்துகொடுக்கிறது என்று பார்க்க வேண்டும். அதைப் பார்த்த பிறகுதான் ஸ்பேனரைக் கையில் எடுக்க வேண்டும்.

உள்ளே என்ன நடக்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். என்ஜின் சக்கரத்தை முன்னோக்கிச் சுழற்றும்போது, அதன் எதிர்விசை ஆக்சிலின் வெளிக்கூட்டை, அதாவது ஆக்சில் ஹவுசிங்கைப் பின்னோக்கிச் சுழற்றப் பார்க்கும். ஹவுசிங்கின் மூக்கு, அதாவது என்ஜின் பக்கமிருந்து வரும் ஷாஃப்ட் சேரும் பல்சக்கரமான பினியன் இருக்கும் பக்கம், மேலே எழும். உங்கள் வண்டியில் அதைத் தடுத்துப் பிடிப்பதற்கென்று தனியாக ஒரு கம்பியோ கையோ கிடையாது. வண்டியின் எடையைத் தாங்கும் அதே ஸ்பிரிங் பட்டைகள்தான் இந்த முறுக்கையும் தாங்கியாக வேண்டும். அழுத்தி மிதித்தால் பட்டை ஆக்சிலுக்கு முன்னால் மேல்நோக்கியும் பின்னால் கீழ்நோக்கியும் நெளியும். அப்படி நெளியும் நேரத்தில் டயரைத் தரையில் இன்னும் கொஞ்சம் அழுத்திவைக்கும், பிடிப்பும் கூடும். ஆனால் ஒரு கட்டத்தில் டயரின் பிடி விட்டுப்போகும். விட்டதும் நெளிந்திருந்த பட்டை படாரென்று நிமிரும், சக்கரத்தின் மேலிருந்த எடை குறையும், சக்கரம் குதிக்கும். கீழே விழுந்ததும் மறுபடி பிடிக்கும், மறுபடி நெளியும், மறுபடி விடும். கரும்பலகையில் சாக்பீஸைச் செங்குத்தாகப் பிடித்து இழுத்தால் கோடு விழாமல் புள்ளி புள்ளியாகத் துள்ளிக்கொண்டு போகுமே, அதே கதைதான். நன்றாக டிராம்ப் அடிக்கும் வண்டி கிளம்பிய இடத்தில் போய்ப் பாருங்கள், டயர் தடம் ஒரே கறுப்புக் கோடாக இருக்காது, துண்டு துண்டாக இருக்கும்.

இந்தக் குதி நொடிக்குச் சுமார் 10 முதல் 15 தடவை நடக்கும். அதனால்தான் தனித்தனி அடியாகத் தெரியாமல் மொத்தமாகத் தடதடப்பாகக் கேட்கிறது.

அகல டயர் போட்ட பிறகு ஏன் ஆரம்பித்தது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒரு பேச்சுக்கு என்ஜினின் முறுக்குவிசை 150 நியூட்டன் மீட்டர், முதல் கியர் விகிதம் 3.5, டிஃபரென்ஷியல் விகிதம் 4 என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்சக்கரங்களுக்கு வருவது மூன்றையும் பெருக்கினால் 2,100 நியூட்டன் மீட்டர். பின் ஆக்சில் மேல் 550 கிலோ எடை, டயரின் ஆரம் 30 சென்டிமீட்டர், டயரின் உராய்வுக் கெழு 0.9 என்றால் அந்த டயர்கள் தாங்கக்கூடியது சுமார் 1,450 மட்டும்தான். உராய்வு 0.5 ஆக இருந்தால் 800 சொச்சம். ஆக, முதல் கியரில் பட்டை எவ்வளவு முறுக்கைத் தாங்க வேண்டும் என்று முடிவு செய்வது என்ஜின் இல்லை, டயர். டயரின் பிடி கூடினால் விடுவதற்கு முன் பட்டை இன்னும் அதிகமாக நெளியும், விட்டதும் அத்தனை வேகமாக நிமிரும். பழைய டயர் சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போயிருக்கும். புது டயர் வந்ததும் ஸ்பிரிங்கின் பலவீனம் வெளியே தெரிகிறது, அவ்வளவுதான். டயர்மேல் குற்றம் இல்லை.

கிளட்ச் பிளேட் மாற்றியதில் ஒன்றும் ஆகாததில் எனக்கு ஆச்சரியமில்லை. இருந்தாலும் கிளட்ச் இல்லை என்று உறுதி செய்துகொள்ள எளிய வழி ஒன்று இருக்கிறது. ஆள் நடமாட்டமில்லாத, சொந்தமான அல்லது அனுமதி வாங்கிய திறந்தவெளியில், சரளை அல்லது மண் தரையில், முதல் கியரில் மெதுவாக வண்டியை நகர்த்துங்கள். கிளட்ச் பெடலில் இருந்து காலை முழுக்க எடுத்துவிடுங்கள். வண்டி உருண்டுகொண்டிருக்கும்போது ஆக்சிலரேட்டரைச் சட்டென்று மிதியுங்கள். தடதடப்பு அப்போதும் வந்தால் கிளட்ச்சுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, ஏனென்றால் கிளட்ச் அந்த நேரத்தில் வழுக்கவே இல்லை. கிளட்ச் உதறல் இதற்கு நேர் எதிர்: சமதரையில், மெதுவாகக் கிளம்பும்போதும்கூட வரும், பெடலை முழுக்க விட்டதும் போய்விடும். இன்னொன்று, அதிர்வு வண்டியின் வேகத்தோடு சேர்ந்து கூடுகிறது, ஆக்சிலரேட்டரை விட்டாலும் தொடர்கிறது என்றால் கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குப் போகும் புரொப்பல்லர் ஷாஃப்ட், அதன் முனையிலுள்ள கிராஸ் ஜாயிண்ட் பக்கம் போக வேண்டும். அடித்தது ஓரிரு முறை என்பதை உணர்ந்தாலே காலை எடுத்துவிடுங்கள். சோதனைக்கு அதுவே போதும்.

இங்கே ஒர்க்‌ஷாப்களில் வழக்கமாகச் செய்யும் ஒன்றைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் போட்டு, கியரில் போட்டு, கிளட்ச்சைப் பாதி விட்டு, இன்னொருவரைக் கீழே குனிந்து பார்க்கச் சொல்வார்கள். "பாருங்க சார், ஆக்சில் அசையவே இல்லை" என்பார்கள். அசையாதுதான். ஹேண்ட் பிரேக் பின்சக்கரத்தைப் பிடிப்பது அதே ஆக்சில் ஹவுசிங்கில் இருந்துகொண்டுதான். டிஃபரென்ஷியல் ஹவுசிங்கைப் பின்னோக்கித் தள்ளும், பிரேக் ஷூ அதே ஹவுசிங்கை முன்னோக்கித் தள்ளும், இரண்டும் உள்ளுக்குள்ளேயே ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பட்டைக்கு முறுக்கு போவதே இல்லை. அந்தச் சோதனையில் என்ஜின் மவுண்ட், கியர்பாக்ஸ் மவுண்ட், கிராஸ் ஜாயிண்ட் ஆகியவற்றின் ஆட்டம் தெரியும், டிராம்ப் தெரியாது. தவிர, கியரில் இருக்கும் வண்டிக்கு அருகில் தலையை நுழைப்பது உயிரோடு விளையாடுவது. வேண்டாம்.

அதைவிட நல்ல கருவி உங்கள் பாக்கெட்டிலேயே இருக்கிறது. போனை ஸ்லோ மோஷனில் வைத்து, வண்டிக்கு அடியில் ஆக்சில் முழுதும் தெரிகிற மாதிரி கெட்டியாகக் கட்டி ஓட்டிப் படம் எடுங்கள். சாதாரண வீடியோவில் நொடிக்கு 30 படம்தான். நொடிக்கு 12 தடவை குதிக்கும் சக்கரத்துக்கு ஒரு குதிக்கு இரண்டரைப் படம் கிடைக்கும், அதை வைத்து ஒன்றும் புரியாது. 240-ல் வைத்தால் ஒரு குதிக்கு 20 படம் வரும், அதில் எல்லாம் தெரியும். கிளம்புவதற்கு முன் யூ போல்ட் (ஸ்பிரிங்கை ஆக்சிலோடு சேர்த்து இறுக்கும் யூ வடிவ போல்ட்) தட்டிலிருந்து பட்டை மேல் தொடர்ச்சியாக ஒரு சாக்பீஸ் கோடு, பிளாக்கின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் அதேபோல் ஒரு கோடு போட்டுவிடுங்கள். ஓட்டிய பிறகு கோடு ஒடிந்திருந்தால் அங்கே நழுவல் இருக்கிறது. பினியன் மூக்குக்கு நேர் மேலே தரைத்தகட்டில் களிமண் உருண்டை ஒன்றை ஒட்டிவைப்பது பழைய வித்தை. மூக்கு எழுந்து அதைத் தொட்டிருந்தால் எவ்வளவு எழுகிறது என்று அளந்தே பார்த்துவிடலாம்.

படத்தில் என்ன பார்க்க வேண்டும்? இரண்டு சக்கரமும் ஒன்றாகக் குதித்து, கூடவே பினியன் மூக்கு மேலும் கீழும் தலையாட்டினால் பட்டை முறுக்கு. வைத்தியம் ஸ்பிரிங், புஷ் (இணைப்புகளில் இருக்கும் ரப்பர் உறை), யூ போல்ட் பக்கம். இடது மேலே போகும்போது வலது கீழே, வலது மேலே போகும்போது இடது கீழே என்று மாறி மாறி அடித்தால் ஷாக் அப்சார்பர் தன் வேலையைச் செய்யவில்லை. பெரும்பாலும் இரண்டும் கலந்துதான் இருக்கும், எது அதிகம் என்று பாருங்கள். ஆக்சிலின் ஒரு முனை மட்டும் முன்னும் பின்னும் நகர்ந்தால் வேறு எதையும் பார்க்கவே வேண்டாம், நேராக அந்தப் பக்கத்தில் பட்டைகளை நடுவில் கோக்கும் சென்டர் போல்ட்டுக்கும் முன் புஷ்ஷுக்கும் போங்கள்.

அப்புறம் வண்டியைத் தூக்கி, ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்ட் வைத்து, ஒவ்வொன்றாகப் பாருங்கள். முதலில் யூ போல்ட். உங்கள் வண்டியில் எனக்குச் சந்தேகம் இங்கேதான் அதிகம். பிளாக் வைத்தபோது நீளமான யூ போல்ட் போட்டிருப்பார்கள். போல்ட் நீளமானால் அதே விசைக்கு அதிகமாக நீளும். நடுவில் பிளாக் என்று இன்னொரு அடுக்கும் சேர்ந்திருக்கிறது, அது உட்கார்ந்து படிந்ததும் இறுக்கம் குறையும். ஒருமுறை இறுக்கி அனுப்பியதோடு சரி, சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடி இறுக்கச் சொல்லியிருப்பார்களா? பெரும்பாலும் சொல்வதில்லை. வண்டியின் எடை சக்கரத்தில் இருக்கும்போது, நான்கு நட்டையும் குறுக்கும் நெடுக்குமாக மாற்றி மாற்றி, மேனுவலில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்க வேண்டும். மரை நீண்டுபோயிருந்தால் அந்தப் போல்ட்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது போடுங்கள். பிளாக்கின் நடுவே இருக்கும் குமிழ் ஸ்பிரிங் சீட்டின் ஓட்டையில் ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஓட்டை முட்டை வடிவத்தில் தேய்ந்திருந்தால் ஆக்சில் அங்கே உலாவிக்கொண்டிருந்திருக்கிறது.

அடுத்தது முன் கண் புஷ். ஸ்பிரிங்கின் முன்பக்கக் கண்ணும் சேசிஸும் சேரும் இடத்தில் கடப்பாரையை வைத்து நெம்புங்கள். ரப்பர் கொஞ்சம் கொடுக்கும், அது சகஜம். உள்குழாய் ரப்பரை விட்டுத் தனியாக அசைந்தாலோ, ரப்பர் ஒரு பக்கம் பிதுங்கி மறுபக்கம் வெறும் இடைவெளி தெரிந்தாலோ அது முடிந்துபோனது. வண்டியைத் தள்ளும் விசை முழுவதும் இந்த ஒரு புஷ் வழியாகத்தான் உடம்புக்குப் போகிறது, பின்னால் ஷாக்கிள் (ஸ்பிரிங்கின் பின்கண்ணைச் சேசிஸோடு சேர்க்கும், அசையும் இணைப்பு) பக்கம் போவதில்லை. அதனால் முன் கண்ணுக்குக் கெட்டியான பாலியூரித்தேன் புஷ்ஷும், ஷாக்கிளுக்குப் பழையபடி ரப்பரும் போடச் சொல்வேன். இரண்டு பக்கமும் கெட்டியாக்கினால் சவாரி கெடும், டிராம்ப்புக்குப் பெரிய லாபமும் இல்லை. ரப்பர் புஷ் போட்டால் அதன் போல்ட்டை வண்டி தரையில் நிற்கும்போதுதான் கடைசியாக இறுக்க வேண்டும். சக்கரம் தொங்கும்போது இறுக்கிவிட்டால் வண்டியை இறக்கியதுமே ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும், சீக்கிரம் கிழியும்.

பட்டைகளைக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்துப் பாருங்கள். விரிசல் இருந்தால் அந்த இடத்தில் துரு மெல்லிய கோடாகக் கசிந்திருக்கும். பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் கிளிப் ஒன்றிரண்டு விழுந்திருப்பது பழைய வண்டியில் ரொம்ப சகஜம், யாரும் கண்டுகொள்வதும் இல்லை. ஆனால் அந்தக் கிளிப்தான் எல்லாப் பட்டைகளையும் சேர்ந்து வேலை செய்ய வைக்கிறது. அது இல்லாவிட்டால் முறுக்கு வரும்போது பட்டைகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரியும், மெயின் பட்டை மட்டும் தனியாகச் சுமக்கும்.

ஷாக் அப்சார்பர் மாற்றியதில் கொஞ்சம்தான் குறைந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு மேல் கிடைக்காது. ஷாக் அப்சார்பர் மேலும் கீழுமான ஓட்டத்தைத்தான் அடக்கும். ஆக்சில் தன்னைத்தானே சுற்றி மூக்கை ஆட்டும்போது, ஆக்சிலை ஒட்டியே பொருத்தப்பட்டிருக்கும் ஷாக்குக்கு நெம்புகோல் தூரமே இல்லை. போதாததற்குப் பல பழைய கார்களில் ஷாக் மேல்முனை உள்பக்கம் சாய்ந்து நிற்கும். 45 டிகிரி சாய்ந்தால் அதன் அடக்கும் சக்தி நேராக நிற்பதைப்போல் பாதிதான். இரண்டு ஷாக்குகளும் சக்கரத்தை விட்டு உள்ளே தள்ளி இருந்தால் இடது வலதாக மாறி மாறி அடிக்கும் குதிக்கு இன்னும் குறையும். சக்கரங்களுக்கு நடுவே 1.3 மீட்டர், ஷாக்குகளுக்கு நடுவே 0.9 மீட்டர் என்றால் அந்தக் கணக்கிலும் பாதிக்கும் கீழே போய்விடும். இரண்டு பாதியும் சேர்ந்தால் நீங்கள் காசு கொடுத்து வாங்கியதில் கால்வாசிதான் வேலை செய்கிறது.

இதைப் பெரிய கம்பெனிகளும் பட்டுத்தான் தெரிந்துகொண்டன. 1967-ல் வந்த முதல் செவ்ரோலே கமாரோவில் பின்னால் ஒற்றைப் பட்டை ஸ்பிரிங். பெரிய என்ஜின் வண்டிகள் சிலவற்றில் குதியை அடக்க வலது பக்கம் மட்டும் ஒரு கம்பி கொடுத்திருந்தார்கள். ஏன் வலது மட்டும்? வழக்கமான திசையில் சுற்றும் என்ஜினில் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் முறுக்கு ஆக்சிலின் வலது முனையைத் தூக்கப் பார்க்கும், முதலில் எடை இழப்பது அந்தச் சக்கரம். 1968 மாடலில் ஷாக் அப்சார்பர் ஒன்றை ஆக்சிலுக்கு முன்னாலும் மற்றதைப் பின்னாலுமாக வைத்தார்கள், வேகமான வண்டிகளுக்குப் பல பட்டை ஸ்பிரிங்கும் வந்தது. முன்னும் பின்னுமாக வைத்தால் ஆக்சில் மூக்கை ஆட்டும்போது ஒரு ஷாக் நீளும், மற்றது சுருங்கும், முறுக்குக்கும் கொஞ்சம் தடை கிடைக்கும். உங்கள் படத்திலும் வலது சக்கரம் முதலில் துள்ளினால் ஆச்சரியப்படாதீர்கள், அந்தப் பக்கம் ஏதோ கெட்டுவிட்டது என்று அவசரமாக முடிவு கட்டவும் வேண்டாம்.

சரி, பிளாக் விஷயம். பிளாக் வைத்தால் நெம்புகோல் நீண்டு டிராம்ப் கூடும் என்று பொதுவாகச் சொல்வார்கள். எல்லா வண்டிக்கும் அது பொருந்தாது. பட்டைக்குப் போகும் முறுக்கு என்பது டயர் தரையைத் தள்ளும் விசையைத் தரையிலிருந்து பட்டை இருக்கும் உயரத்தால் பெருக்கினால் வருவது. ஸ்பிரிங் ஆக்சிலுக்கு மேலே இருக்கும் வண்டியில் உயர்த்துவதற்காக பிளாக் வைத்தால் அந்த உயரம் கூடும், டிராம்ப்பும் நிச்சயம் மோசமாகும். உங்கள் வண்டியில் ஸ்பிரிங் கீழே இருக்கிறது. பிளாக் வைத்ததும் பட்டை தரைக்கு இன்னும் பக்கத்தில் வந்திருக்கிறது. கணக்குப்படி முறுக்கு குறையத்தான் வேண்டும். ஆனாலும் பிளாக்கை நான் சும்மா விடமாட்டேன். மேலே சொன்ன யூ போல்ட் தளர்ச்சி ஒரு காரணம். இன்னொன்று, வண்டி 2 அங்குலம் இறங்கியதால், ஆக்சில் மேலே வந்து உடம்பில் இடிக்காமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பருக்கும் ஆக்சிலுக்கும் நடுவே இருந்த இடம் அவ்வளவு குறைந்துவிட்டது. கிளம்பும்போது பின்பக்கம் அமுங்கி ஆக்சில் ரப்பரில் போய் இடித்தால், அந்த அடியே குதியைத் தொடங்கி வைக்கும். ரப்பரின் முகத்தைப் பாருங்கள், புதிதாகப் பளபளவென்று தேய்ந்த வட்டம் இருந்தால் இடிக்கிறது என்று அர்த்தம். பிளாக்கைக் கழற்றிவிட்டு, பழைய யூ போல்ட் அளவுக்கே புது யூ போல்ட் போட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். செலவு குறைவு, கிடைக்கும் தகவல் நிறைய. தாழ்வாகத்தான் வேண்டும் என்றால் அதே வேலையைப் பட்டையின் வளைவைக் குறைத்த ஸ்பிரிங் செட் கொண்டு செய்வது சுத்தமான வழி.

டயர் காற்றையும் பாருங்கள். அகல டயர் போட்டவர்கள் பழைய டயரின் அளவையே வைத்துக்கொள்வது உண்டு. டயரும் ஒரு ஸ்பிரிங்தான், அதை அடக்க ஷாக் எதுவும் கிடையாது. ஒரு தடவைக்கு 2 பிஎஸ்ஐ கூட்டியும் குறைத்தும், கம்பெனி சொன்ன எல்லைக்குள் நின்று, வித்தியாசம் இருக்கிறதா என்று பார்க்கலாம். சில வண்டிகளில் இது ஒன்றே குதியின் தொடக்கத்தை நன்றாகத் தள்ளிப்போடும்.

இவ்வளவும் செய்து, ஆட்டம் எதுவும் இல்லை, பிளாக்கும் இல்லை, இன்னும் முறுக்குக் குதி இருக்கிறது என்றால் அப்போது பட்டையின் முன்பாதியைக் கெட்டியாக்கலாம். இதில் எனக்குப் பிடித்தது வெல்டிங்கே தேவைப்படாத முறை. முன்பாதியில் பட்டைகளைக் கூடுதல் கிளாம்ப் போட்டு நெருக்கிப் பிடித்து, பின்பாதியைத் தளர்வாகவே விடுவது. அல்லது முன்பாதிக்கு மட்டும் ஒரு அரைப் பட்டை சேர்ப்பது. 1960-களின் கிறைஸ்லர் கார்களில் ஆக்சிலை ஸ்பிரிங்கின் நடுவில் வைக்காமல் முன்னால் தள்ளி வைத்தார்கள். முன்பாதி குட்டையாகவும் கெட்டியாகவும் நின்று முறுக்கைத் தாங்கும், நீண்ட பின்பாதி சவாரியைப் பார்த்துக்கொள்ளும். அதே யோசனைதான் இது. பிடிக்காவிட்டால் கழற்றிவிடலாம் என்பது பெரிய வசதி.

இப்போது நண்பர் சொன்ன டிராக்‌ஷன் பார். இதில் இரண்டு ரகம். ஒன்று ஸ்லாப்பர் ரகம்: ஸ்பிரிங் தட்டோடு இறுக்கி, முன்னோக்கி நீண்டு, முனையில் ஒரு ரப்பர் கட்டையோடு முன் கண்ணுக்குக் கீழே நிற்கும். பட்டை நெளிய ஆரம்பித்ததும் ரப்பர் போய் முட்டி நிறுத்தும், மற்ற நேரத்தில் ஒன்றும் செய்யாது. உங்கள் தேவைக்கு இதுவே தாராளம். ரப்பர் முன் கண்ணுக்கு நேர் கீழே வரவேண்டும். அதற்குப் பின்னால், பட்டையின் நடுவில் முட்டினால் பட்டையை அங்கேயே மடித்து உடைக்கும்.

இரண்டாவது ரகம் இரு முனையிலும் புஷ் வைத்து, ஒரு முனை ஆக்சிலிலும் மறுமுனை சேசிஸிலும் நிரந்தரமாகப் பூட்டியிருக்கும் கம்பி. முறுக்கை இது நன்றாகவே பிடிக்கும். ஆனால் இதைத் தோன்றிய இடத்தில் வெல்டிங் வைத்தால் வண்டி கெடும். காரணம் வளைவுப் பாதை. சக்கரம் மேலும் கீழும் போகும்போது லீஃப் ஸ்பிரிங்கில் ஆக்சில் ஒரு வட்ட வில்லில் நகர்கிறது. அந்த வட்டத்தின் ஆரம் முன் கண்ணிலிருந்து ஆக்சில் வரையுள்ள நீளத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு. கம்பியின் நீளமும் கோணமும் அந்த வில்லோடு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் ஒவ்வொரு மேடுபள்ளத்திலும் கம்பி ஒரு பக்கம் இழுக்கும், பட்டை மறுபக்கம் இழுக்கும். நேர்ரோட்டில் அது வெறும் விறைப்பாகத்தான் தெரியும். திருப்பத்தில் வண்டி சாயும்போது இடது கம்பியும் வலது கம்பியும் ஆக்சிலை எதிரெதிராக முறுக்கி, பின்பக்கம் ஒரு பெரிய ஆன்டி ரோல் பார் (வண்டி சாய்வதைத் தடுக்கும் கம்பி) வைத்ததுபோல் விறைத்துவிடும். உள்பக்கச் சக்கரம் தூக்கும், ஈர ரோட்டில் பின்பக்கம் சொல்லாமல் கொள்ளாமல் வழுக்கும். தடதடப்பு போய்விட்டதே என்ற சந்தோஷத்தில் இதை யாரும் கவனிப்பதில்லை. கம்பி போட்ட பிறகு ஸ்பிரிங்கை யூ போல்ட்டோடு வைத்து, ஷாக்கைக் கழற்றிவிட்டு, ஆக்சிலை ஜாக்கியால் ஒரு பக்கம் மட்டும் முழுக்கத் தூக்கி இறக்கிப் பாருங்கள். எங்காவது முனகினாலோ புஷ் பிதுங்கினாலோ நீளம் தப்பு. சேசிஸ் பக்கத்து முனையை மெல்லிய தரைத்தகட்டில் வெல்டிங் வைக்கவே கூடாது, கெட்டியான சேசிஸ் சட்டத்தில்தான் வைக்க வேண்டும்.

பினியன் கோணத்தையும் சொல்லிவிடுகிறேன், இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறவர்கள் உண்டு. லீஃப் ஸ்பிரிங் வண்டியில் மூக்கு எழும் என்பதால் நிற்கும்போது புரொப்பல்லர் ஷாஃப்டை ஒப்பிட 2, 3 டிகிரி கீழே பார்த்திருக்கும்படி ஆப்பு வைப்பார்கள். அது கிராஸ் ஜாயிண்ட்டைக் காப்பாற்றும், டிராம்ப்பை நிறுத்தாது.

உடையுமா என்று கேட்டீர்கள். உடையும். குதித்த சக்கரம் காற்றில் வேகம் பிடித்துத் தரையில் விழுந்ததும் சட்டென்று நிற்கிறது. அந்த அதிர்ச்சி ஆக்சில் ஷாஃப்ட், கிரவுன் பினியன் பற்கள், கிராஸ் ஜாயிண்ட், கியர்பாக்ஸ் என்று வரிசையாக முன்னால் போகிறது. சாதாரணமாகக் கிளம்பும்போது வருவதைவிடப் பல மடங்கு விசை அது. இத்தனை நாள் அடித்திருக்கிறது என்பதால், வேலைக்குக் கொடுக்கும்போது டிஃபரென்ஷியல் எண்ணெயை வடித்து, அதில் இரும்புச் சில்லு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வடிகால் நட்டில் காந்தம் இருந்தால் மெல்லிய சாம்பல் பசை ஒட்டியிருப்பது தேய்மானம், கையில் தட்டுப்படும் துணுக்கு இருந்தால் பல்லில் சேதம். முன் கண் பொருந்தியிருக்கும் சேசிஸ் இடத்திலும் விரிசல் தேடுங்கள். அதுவரைக்கும், தடதடப்பு ஆரம்பித்த அடுத்த நொடி காலை எடுங்கள். "தாண்டிடும்" என்று இன்னும் அழுத்துவதுதான் ஷாஃப்ட்டை முறிக்கும். மேட்டில் கிளம்பும்போது கிளட்ச்சைப் படக்கென்று விடாமல் ஒரு கணம் நிதானமாக விட்டால், அந்த முதல் உதையே இல்லாமல் போய்விடும்.

பிரேக் பிடிக்கும்போதும் இதேபோல் பின்பக்கம் அடித்தால், அது இதன் மறுபக்கம்: மூக்கு இந்த முறை கீழே குனிகிறது. அதே புஷ், அதே யூ போல்ட், கூடவே பின் டிரம்மில் ஏதாவது ஒரு பக்கம் கவ்வுகிறதா என்று பார்க்க வேண்டும். ஸ்லாப்பர் ரகக் கம்பி அந்தத் திசையில் உதவாது.

இன்டிபென்டென்ட் சஸ்பென்ஷன் காருக்குப் போனால் தொல்லை இருக்காதா என்றால், இந்த வடிவத்தில் இருக்காது. பட்டை இல்லை, ஹவுசிங்கும் உடம்போடு பூட்டியிருக்கும். ஆனால் அந்த ஹவுசிங்கைத் தாங்கும் சப்ஃபிரேம் புஷ்களும், சக்கரத்தைப் பிடிக்கும் கைகளின் புஷ்களும் ரப்பர்தான், நீண்ட டிரைவ் ஷாஃப்டும் முறுக்கு வாங்கும். சக்திவாய்ந்த என்ஜினும் பிடிப்புள்ள டயரும் சேர்ந்தால் அங்கேயும் சக்கரம் குதிக்கும். 2009 கேடிலாக் சிடிஎஸ்-வி காரில் இடது, வலது டிரைவ் ஷாஃப்ட்களை வேண்டுமென்றே வெவ்வேறு தடிமனில் போட்டார்கள். இரண்டும் ஒரே தாளத்தில் முறுக்கி விடாமல், ஒன்றின் துள்ளலை மற்றது கலைக்கட்டும் என்பதற்காக. பழைய இன்டிபென்டென்ட் கார் ஒன்றைப் பார்க்கப் போனால், பின் சப்ஃபிரேமின் நான்கு புஷ்களையும் கடப்பாரையால் நெம்பிப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.